சத்தம் மாறாத மோட்டார்

"மேடம், டிரோனுக்கா, ஆர்.சி. பிளேனுக்கா?" என்று சென்னைக் கடைக்காரர் போனில் கேட்டார். இரண்டுக்கும் இல்லை, கம்பி கட்டி ஓட்டுகிற விமானத்துக்கு என்றேன். அந்தப் பக்கத்தில் யாரிடமோ விசாரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "கம்பி கட்டி எதுக்கு மேடம் ஓட்டறீங்க" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதென்றால் என் தம்பியின் கண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "சும்மா, ஒரு ஆசைக்குத்தான்" என்று சொல்லி முடித்தேன்.

கம்பி விமானத்துக்கு ரேடியோ கிடையாது. இறக்கையின் இடது நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் புறப்பட்டு, ஓட்டுகிறவர் கையிலுள்ள கைப்பிடிக்கு வரும். அவர் நடுவில் நிற்பார், விமானம் அவரைச் சுற்றிவரும், அவரும் கூடவே திரும்பிக்கொண்டிருப்பார். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். கல்லூரியில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போதெல்லாம் டீசல் இன்ஜின். விடுமுறைக்கு வரும்போது விமானத்தையும் ஊருக்குத் தூக்கிவந்து அறுத்த வயலில் ஓட்டுவேன். தம்பியும் ஓட்டினான். சொல்லப்போனால் என்னைவிட அவன்தான் நன்றாக ஓட்டினான், அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

அவன் என்னைவிட இளையவன் என்றாலும் ஊரில் அவனுக்குத்தான் மரியாதை. குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் நிலத்தை அவன்தான் பார்த்துவந்தான். நான் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அந்த இரண்டு தகுதியால் எல்லோருக்கும் புத்தி சொல்லும் உரிமை தனக்கு உண்டென்று நினைத்துக்கொண்டிருப்பவள்.

தம்பிக்கு வந்தது விழித்திரை ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டே வரும் நோய். முதலில் மாலைக்கண் என்றார்கள், கீரை சாப்பிடச் சொன்னார்கள். பிறகு பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவில்லை. பிறகு சாப்பாட்டு இலையில் ஓரத்தில் வைத்த ஊறுகாய் தெரியவில்லை. "பப்பாளித் தண்டை ஒரு கண்ணுல வெச்சுப் பாக்கற மாதிரி இருக்கு அக்கா. நடுவுல மட்டும் பளிச்சுனு இருக்கு" என்றான். தண்டு வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போனது. நான் கூட்டிப்போன கண் டாக்டர், "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா" என்று கேட்டார். ஆமாம், அத்தை மகனும் மாமன் மகளும். நிலம் வெளியே போய்விடக் கூடாதென்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த கல்யாணம். நோயின் விதை இருவரிடமும் இருந்திருக்கிறது, எனக்கு விழவில்லை, அவனுக்கு விழுந்தது. மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னபோது அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார் பாவம்.

ஐப்பசி மழையில் ஒரு காலை மோட்டார் கொட்டகையிலிருந்து திரும்பும்போது மதகுக்குப் பக்கத்தில் வாய்க்காலில் விழுந்துவிட்டான். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறான். கூப்பிடவும் இல்லை, அவனுக்கு வெட்கம். தேடிப்போன அவன் மனைவிதான் கையைப் பிடித்து ஏற்றிக் கூட்டிவந்தாள்.

அடுத்த வாரம் நான் போனபோது வீட்டில் அதுதான் பேச்சு. "கொல்லையிலேர்ந்து கொட்டகை வரைக்கும் ஒரு கயிறு கட்டிடறேன், அதப் புடிச்சுக்கிட்டுப் போங்கன்னு சொல்றேன் அண்ணி. கேக்க மாட்டேங்கறாங்க" என்று அவள் என்னிடம் முறையிட்டாள்.

"நான் என்ன கன்னுக்குட்டியா?" என்றான் தம்பி.

"அப்ப நிலத்த குத்தகைக்கு விட்டுடுங்க. மேலத்தெருக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு. தனியா நிக்க முடியாத ஆளு எப்படிங்க வெள்ளாம பண்றது?"

தம்பி என் பக்கம் திரும்பினான். என் பக்கம் என்று அவன் நினைத்த பக்கம்.

"அக்கா, அந்தக் கம்பி ஏரோப்ளேன் இப்பவும் செய்ய முடியுமா உன்னால?"

எதற்கு என்று கேட்டேன்.

"வயல்ல தனியா நின்னு அத ஏத்தி, இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட்டி, முழுசா இறக்கிக் காட்டறேன். காட்டிட்டா வர்ற குறுவை சாகுபடி என்னோடது. கயிறு கியிறு பேச்செல்லாம் எடுக்கக் கூடாது. விழுந்துடுச்சுன்னா குத்தகைக்கு விட்டுடறேன்."

விளையாட்டு விமானத்துக்கும் குறுவைக்கும் என்னடா சம்பந்தம் என்று கத்தினேன். அவன் சொன்ன கணக்கு இதுதான்: வயலில் எல்லாம் ஓரத்திலிருந்து வருகிறது, பாம்பும் வரப்பும் வண்டியும். கம்பி விமானம் மட்டும் எப்போதும் முகத்துக்கு நேரே இருக்கும், ஏனென்றால் நாம்தான் அதோடு திரும்புகிறோம். "இந்தப் பப்பாளித் தண்டுக்குள்ள அடங்கறது உலகத்துல அது ஒண்ணுதான்" என்றான். பிறகு அவனே சிரித்தான். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லப்போறே. சொல்லிக்க."

அவன் மனைவி பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டாள். ஜெயிக்க மாட்டான் என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டாளா, ஜெயிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டாளா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சம்பா அறுப்புக்கு முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல் அறுபட்டுப் போனால் கீழே உளுந்து முளைத்து நிற்கும். அந்த மார்கழியில் தம்பி ஒரு மா நிலத்தை மட்டும் உளுந்து தெளிக்காமல் விட்டான். ஒரு மா என்பது ஐம்பது அடிக் கம்பி சுற்றிவர அளவெடுத்தது போன்ற நிலம், நான்கு பக்கமும் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஏன் தரிசாகக் கிடக்கிறது என்று கேட்டவர்களிடம், "அக்கா ஏர்போர்ட் கட்டறாங்க" என்று சொல்லியிருக்கிறான். அது ஊரில் பாதிப் பேருக்கு நிஜமாகவே போய்ச் சேர்ந்து, நிலம் எடுக்க ஆபீசர் வருவாரா என்று ஒருவர் என்னிடம் விசாரித்தார்.

விமானத்தைத் தஞ்சாவூரில் என் சமையலறை மேசையில் செய்தேன். பால்சா மரமும் பசையும் பழைய கை வேலையும். அது கஷ்டமில்லை. டீசல் இன்ஜினுக்கு ஈதர் கலந்த எண்ணெய் இப்போது எங்கே கிடைக்கும், அதனால் மின்சார மோட்டார். அதுவும் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் அந்த ஈ.எஸ்.சி. என்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான். தீப்பெட்டி அளவு இருக்கும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு வேகம் என்று தீர்மானிப்பது அது. இரண்டு ஒயர் உள்ளே போகும், மூன்று ஒயர் மோட்டாருக்கு வெளியே வரும். தம்பி விரலால் தடவிப் பார்த்து, "இதுவும் த்ரீ ஃபேஸ்தானா" என்றான். ஆமாம், நம் போர்செட் மாதிரியேதான், இரண்டை மாற்றிப் போட்டால் திருப்பிச் சுற்றும் என்றேன். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

அந்தப் பெட்டிகளைச் செய்கிறவர்கள் எல்லோரும், ஓட்டுகிறவர் கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரேடியோ இருக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். எங்கள் கையில் இருப்பது ஏற்றமும் இறக்கமும் மட்டும். வேகம் முழுக்கப் பெட்டியின் இஷ்டம். ஒரு சின்ன டைமர் மோட்டாரைத் தொடங்கிவைத்து, சில நிமிஷம் கழித்து நிறுத்தும். நடுவில் பெட்டி என்ன செய்தாலும் நாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது வரன் பார்ப்பது மாதிரி. தாலி கட்டிய பிறகு குணம் தெரிந்து பயனில்லை.

முதல் பெட்டி எல்லோரும் வாங்குகிற சாதாரண வகை. மாசி மாதம் ஒரு காலையில் வயலுக்குக் கொண்டுபோனோம். விமானத்தைப் பிடித்திருந்து விடும் வேலை தம்பி மனைவிக்கு. விட்டவுடன் வரப்புக்கு ஓடிவிட வேண்டும். முதலில் நான்தான் ஓட்டினேன். சக்கரம் புழுதியில் கொஞ்ச தூரம் உருண்டு, தூக்கிக்கொண்டது. இத்தனை வருஷம் கழித்துக் கம்பி கையை இழுத்தபோது எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

வரப்பிலிருந்து அவன் மனைவி, "அண்ணி, இது இடமால்ல சுத்துது" என்றாள்.

கம்பி விமானம் உலகம் முழுக்க இடப்பக்கமாகத்தான் சுற்றும். நான் திரும்பிக்கொண்டே, "அதுக்கு என்ன இப்ப" என்றேன்.

"இடமா சுத்தறது சாவுக்குத்தானே அண்ணி. நடுவுல ஒரு மனுஷன நிறுத்தி வெச்சு இடமா சுத்தவிட்டா நல்லாவா இருக்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் பெட்டி பதில் சொல்லிவிட்டது. இந்த வகைப் பெட்டி பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே போனதும், பேட்டரி கெட்டுவிடக் கூடாதென்று மோட்டாரைச் சட்டென்று நிறுத்தும். ரேடியோக்காரர்களுக்கு அது நன்மை. எனக்கு விமானம் தலைக்கு மேலே இருந்தபோது நிறுத்தியது. கம்பி தொய்ந்தது, விமானம் என் காலடியிலிருந்து பத்தடி தள்ளி, அறுத்த நெல் தாளுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டது. அவன் மனைவி வந்து உடைந்த இறக்கையைப் பொறுக்கினாள். தம்பி மட்டும் சிரித்தான். "நம்ம கரண்ட்டு மாதிரியே இருக்கு அக்கா. சொல்லாம கொள்ளாம போகுது."

அன்றைக்குத் தஞ்சாவூருக்குத் திரும்பும் பஸ்ஸில் உடைந்த இறக்கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என்னம்மா இது, என்று கண்டக்டர் கேட்டார். பட்டம் என்றேன். விளக்கத் தெம்பில்லை.

அதன் பிறகுதான் கவர்னர் உள்ள பெட்டியைத் தேடினேன். கவர்னர் என்ற சொல் தம்பிக்குப் புதிதில்லை. பழைய ஆயில் இன்ஜினில் அது உண்டு, பாரம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வேகத்தில் ஓட வைப்பது. இந்தப் பெட்டியிலும் அதே வேலைதான். பேட்டரி சோர்ந்தாலும், விமானம் ஏறும்போது மூச்சு வாங்கினாலும், பெட்டி கூடக் கொஞ்சம் கொடுத்து மோட்டாரை அதே சுற்றில் வைத்திருக்கும். கம்பி விமானத்துக்கு இதுதான் சரியானது என்பதில் அந்தத் துறையில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. வேகம் மாறாவிட்டால் கம்பி தளராது, கம்பி தளராவிட்டால் விமானம் கைவிட்டுப் போகாது. சென்னைக் கடைக்காரரிடம் அந்த வகை இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தந்தார். வருவதற்குள் பங்குனி முடிந்துவிட்டது, சுற்றிலும் உளுந்து பறித்தாகிவிட்டது.

சித்திரையில் ஒரு காலை, வெயில் ஏறுவதற்கு முன், புது இறக்கையோடும் புதுப் பெட்டியோடும் ஓட்டினேன். எண்ணெய் போட்ட மாதிரி போனது. ஏறினாலும் இறங்கினாலும் ஒரே சத்தம், ஒரே இழுவை. டைமர் நிறுத்தியதும் மெல்ல மிதந்து வந்து புழுதியில் உட்கார்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியார் வேலையில் ஒரு பரிசோதனை முதல் தடவையே புத்தகத்தில் உள்ளபடி வந்துவிட்டால் வரும் கர்வம் அது.

வரப்பில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் கைப்பிடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை.

"அக்கா, இது பேச மாட்டேங்குது."

"எது?"

"மோட்டாரு. நீ மேல ஏத்தறப்பவும் அதே சத்தம், கீழ இறக்கறப்பவும் அதே சத்தம். போன தடவ வெச்சியே, அது ஏறறப்ப மொணகுச்சு, இறங்கறப்ப கீச்சுனு போச்சு. கேட்டாலே தெரிஞ்சுது. நம்ம போர் மோட்டாரு பாரம் இழுக்குதா, காத்து இழுக்குதான்னு நான் படுத்துக்கிட்டே சொல்வேன்ல, அந்த மாதிரி."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டி. "சத்தத்தை எதுக்குடா கேக்கணும்? கண்ணு முன்னாடிதானே போகுது. பாத்து ஓட்ட வேண்டியதுதானே?"

அவன் நெல் தாள் ஒன்றைப் பிடுங்கி விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பாக்க முடிஞ்சா நான் எதுக்கு அக்கா கேக்கறேன்" என்றான் கடைசியில்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். மாசி கடைசியிலிருந்து என்றான். வெளிச்சம் தெரிகிறது, ஆள் நின்றால் நிழல் மாதிரி தெரிகிறது, விமானம் தெரியவில்லை. பெட்டி கப்பலில் வந்துகொண்டிருந்தபோது தண்டு அடைத்துக்கொண்டுவிட்டது. பக்கத்தில் நின்ற அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பந்தயம் முடியட்டும் என்று இருவரும் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம்தான். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பந்தயத்தை விட்டுத்தொலை என்றேன். விட மாட்டேன் என்றான். மேலத்தெருக்காரர் நாற்று விடுவதற்குள் பதில் கேட்டிருக்கிறார், வைகாசி வரைக்கும் நேரம் இருக்கிறது என்றான். கையில் இழுவை இருக்கிறது, காதில் சத்தம் இருக்கிறது, இது போதும், கவர்னரை மட்டும் எடுத்துவிடு என்றான்.

அந்தப் பெட்டியில் கவர்னரை அணைத்துவைக்கும் வசதி உண்டு. அணைத்தால் அதுவும் சாதாரணப் பெட்டிதான். பேட்டரி இறங்கியதும் சட்டென்று நிறுத்தும் குணத்தையும் எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்றை எடுக்க முடியாது. கவர்னர் இல்லாத மோட்டார் ஏறும்போது முனகும், சரி. பேட்டரி தீரும்போதும் முனகும். இரண்டு முனகலும் ஒன்றுதான். பெரிய பேட்டரி வைத்துப் பார்த்தேன், பாரம் தாங்காமல் விமானம் எருமை மாதிரி போனது. ஏற்றத்தைச் சொல்லி, தீர்வதை மட்டும் மறைக்கிற ஒரு பெட்டியை ஒரு மாதம் தேடினேன். கடைக்காரரிடம் கேட்டேன், இணையத்தில் முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்டேன். ஒருவர் மட்டும் அன்பாகப் பதில் எழுதினார்: பார்வை இல்லாதவர் ஓட்டுவார் என்று யாரும் யோசித்துப் பெட்டி செய்யவில்லை, மன்னிக்கவும். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று அதற்கும் கோபப்பட்டேன்.

தம்பியிடம் சொன்னேன். "கடைசியில சத்தம் தானா இறங்கும்டா. அப்ப அது ஏறுதுன்னு நினைச்சுக் கீழ அழுத்திடாதே. கையை அசைக்காம வெச்சுக்க."

"எத்தன வருஷமா வோல்டேஜ் இறங்கறத கேட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா" என்றான்.

அவன் பின்னால் நான் நின்று, தோளில் கை வைத்து, சின்னச் சின்னப் பறத்தல்களாகப் பழகினோம். உண்மையைச் சொன்னால், நன்றாகவே ஓட்டினான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, சத்தத்தோடு திரும்பினான். ஏறினால் அவன் மணிக்கட்டுக்கு எனக்கு முன்பே தெரிந்தது. ஆனால் பின்னால் ஓர் ஆள் நிற்கிறாள் என்ற நினைப்பில் ஓட்டுவது வேறு. காற்று எழும்பும்போதெல்லாம் டைமரைக் குறைத்துவைத்துச் சீக்கிரம் இறக்கிவிட்டோம். முழுப் பேட்டரியும் தீரும்வரை ஒரு தடவைகூடப் போகவில்லை. பந்தயம் முழுப் பறத்தலுக்குத்தான், அது அவனே வைத்த விதி.

வைகாசியில் காற்று இல்லாத ஒரு காலை. சுற்றிலும் வயல் வெடித்துக் கிடந்தது. பக்கத்து வரப்பில் இரண்டு மூன்று பேர் ஆடு ஓட்டிவந்தவர்கள் நின்றார்கள். தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டான், தரை தெரிய வேண்டுமாம். நான் கம்பியை மாட்டி, ஏற்ற இறக்கத்தைச் சரிபார்த்து, கைப்பிடியை அவன் கையில் வைத்துவிட்டு வரப்புக்கு வந்தேன். அவன் மனைவி விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடுவதற்கு முன் அதன் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தோற்க வேண்டும் என்று நினைக்கிறவள் அப்படிச் செய்ய மாட்டாள்.

விமானம் ஏறியது. முதல் சில சுற்றுகள் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் போயின, பிறகு சமமாக வந்துவிட்டது. அவன் தோள் உயரத்தில், மண்ணுக்கு இணையாக, கோடு போட்ட மாதிரி. ஆடு ஓட்டியவர்களில் ஒருவர், "கண்ணு தெரியாமலா ஓட்டறாரு" என்றார் நம்பாமல். என் தம்பியின் முகத்தில் அந்தச் சிரிப்பைக் கல்லூரி விடுமுறையில் பார்த்தது. குறுவை அவனுடையது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும், விமானத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி இறக்கி விளையாட ஆரம்பித்தான்.

பிறகு சத்தம் இறங்கத் தொடங்கியது. மெல்ல, ஊரில் எல்லாரும் பம்ப்செட் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குமே, அப்படி. விமானம் சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நெற்றி சுருங்கியது. கையை அசைக்காதே என்று நான் கத்துவதற்கும், அவன் மணிக்கட்டு கீழே சாய்வதற்கும் சரியாக இருந்தது.

முட்டை உடைகிற சத்தம்தான் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை.

அவன் இன்னும் அரைச் சுற்று திரும்பினான். பிறகு கம்பி தளர்ந்தது புரிந்து நின்றான். விமானம் கிடந்தது அவனுக்கு முதுகுப் பக்கம்.

"இறங்கிடுச்சா அக்கா?" என்று எதிர்ப்பக்கத்து வரப்பைப் பார்த்துக் கேட்டான்.

"விழுந்துடுச்சுடா."

யாரும் கிட்டே வர வேண்டாம் என்று கையைக் காட்டினான். குனிந்து, தரையில் கிடந்த கம்பியை விரலால் தேடி எடுத்து, அதைப் பிடித்துக்கொண்டே நடந்து போனான். வெடிப்பில் கால் மாட்டித் தடுக்கி, மறுபடியும் கம்பியைப் பிடித்து, விமானத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இறக்கையைத் தடவினான். உடைந்த இடத்தைத் தடவினான். மோட்டாரைப் பிடித்துப் பார்த்து, "சுடுது" என்றான்.

அவன் மனைவி ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இது கணக்குல வேணாங்க. பேட்டரிதானே தீந்துச்சு, உங்க மேல என்ன தப்பு. அண்ணி இன்னொண்ணு செஞ்சு தருவாங்க. இன்னொரு தடவ பாக்கலாம்" என்றாள். நானும் தலையாட்டினேன், அவனுக்குத் தெரியாது என்பதை மறந்து.

"இன்னொரு தடவயும் பேட்டரி தீரும்" என்றான். கொஞ்சம் கழித்து, "மேலத்தெருக்காரரு வீட்ல இருப்பாரா இப்ப?" என்று கேட்டான். பிறகு அவளிடம், "கயித்த நாளைக்கே கட்டிடு" என்றான்.

நீல நைலான் கயிறு. கொல்லைக் கதவிலிருந்து மோட்டார் கொட்டகைவரை முளையடித்து அவளே கட்டினாள்.

ஆனி கடைசியில் ஒரு காலை போன் செய்தான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் எட்டவில்லை, மேலத்தெருக்காரர் எங்கள் போர் மோட்டாரில்தான் இறைக்கிறார், நாற்று பச்சை கட்டிவிட்டதாம் என்றெல்லாம் சொன்னான். யாரோ சொல்லிக் கேட்டதைச் சொல்கிறவன் மாதிரி சொன்னான். சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றான். பின்னால் மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

திடீரென்று பேச்சை நிறுத்தி, "அக்கா, கேக்குதா?" என்றான்.

"மோட்டார் ஓடுது."

"காத்து இழுக்குது. சத்தம் மேல ஏறிடுச்சு பாரு. தண்ணி எடுக்கல, சும்மா ஓடுது. இப்படியே விட்டா மோட்டாரு காயில் எரிஞ்சுடும்."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "போய்ச் சொல்ல வேண்டியதுதானே. கயிறுதான் கட்டியிருக்கே."

"சொல்லலாம்" என்றான். எழுந்திருக்கிற சத்தம் கேட்கவில்லை. "கயித்தப் புடிச்சுக்கிட்டு அவரு வயலுக்குப் போயி அவருகிட்ட என்னன்னு சொல்றது?"

நான் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. இருவரும் அந்த மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தோம், யாராவது வந்து அணைக்கும்வரை.